சீட் தானாக இறங்கும் சைக்கிள்

உடம்பில் உயிர் இருக்கும்வரை இனி மலையைச் சுற்றுவதில்லை என்று, வெந்நீர் பக்கெட்டில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு சபதம் செய்தேன். நல்ல சபதம். குரல்தான் கொஞ்சம் கம்மி. பொன்னி சமையலறையில் இருந்தாள். அவள் காதில் விழாத அளவில் சபதம் செய்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

தவறாக நினைத்துவிடாதீர்கள். மலைமேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. திருவண்ணாமலையில் பிறந்து, இங்கேயே நில அளவை அலுவலகத்தில் காலமெல்லாம் சங்கிலி இழுத்து, வேங்கிக்காலில் வீடு கட்டி, ஓய்வும் பெற்றுவிட்ட சர்வேயர் நான். பல் தேய்க்கும்போது மலை நிற்கும். துணி காயப்போடும்போது நிற்கும். மழை நாளில் மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரிடமோ பேச்சை நிறுத்திவிட்டது போல நிற்கும். அதற்கும் எனக்கும் நடுவே எந்தத் தகராறும் இல்லை. தகராறெல்லாம் சக்கரவர்த்தியோடு.

சக்கரவர்த்தி என் மச்சான். பொன்னியின் அண்ணன். அடி அண்ணாமலையில் கொஞ்சம் நிலம், மலை சுற்றும் பாதையோரம் ஒரு மோர்க்கடை, பக்கத்து நிலத்துக்காரரோடு ஒரு வரப்பு வழக்கு. நிலத்திலும் கடையிலும் வரும்படி கம்மி. வழக்கில்தான் அமோக விளைச்சல்.

வினை வந்த விதம் இது. எனக்குப் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பொன்னி மலையைப் பார்த்துக் கைகூப்பி வேண்டிக்கொண்டாள். "இவரு நல்லபடியா எழுந்து வந்தா, ஒரு வருஷம் பௌர்ணமி தவறாம உன்னைச் சுத்தி வருவாரு."

வருவாரு. கவனியுங்கள். வாய் அவளுடையது. கால் என்னுடையது.

"ஏம்மா, வேண்டிக்கிட்டது நீ. சுத்த வேண்டியது நான் எப்படி?"

"கல்லு யாருக்கு வந்துச்சு?"

"எனக்கு."

"எடுத்தது யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அப்ப?"

இந்த 'அப்ப?'வுக்குக் கல்யாணமான நாளிலிருந்து பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"எனக்கு முட்டி ஒத்துக்கிச்சின்னா நான் சுத்த மாட்டனா?" என்றாள். அது நிஜம். மாதம் தவறாமல் சுற்றி வந்தவள்தான். முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்த பிறகு, பௌர்ணமி சாயங்காலம் ஹாலில் மேற்கு ஜன்னலருகே கொஞ்ச நேரம் நிற்பாள். கேட்டால், பால்காரர் வருகிறாரா என்று பார்ப்பதாகச் சொல்வாள். எங்கள் பால்காரர் காலையில் வருகிறவர்.

"தனியாப் போவ வேணாம். அண்ணன் துணைக்கு வருவாரு" என்றும் சொல்லிவிட்டாள்.

துணை வந்தார். பாதையோர எட்டு லிங்கங்களில் முதலாவதான இந்திரலிங்கத்தில் கற்பூரம் ஏற்றும்போது வழக்கைத் தொடங்குவார். அவருடைய எல்லைக் கல்லைப் பக்கத்து நிலத்துக்காரர் ஒன்றரை அடி உள்ளே நகர்த்தி நட்டுவிட்டார். வழக்கு அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லி முடிக்கப் பதினாலு கிலோமீட்டர் போதாது. அக்னிலிங்கத்தில் வாதி சாட்சி சொல்வார். வருணலிங்கத்தில் பிரதிவாதி பொய் சொல்வார். வாயுலிங்கத்தில் வக்கீல் வராமல் போவார். கடைசியாக ஈசானியலிங்கம் வரும்போது, வழக்கு அடுத்த பௌர்ணமிக்கு ஒத்திவைக்கப்படும்.

"மாப்ள, நீங்க சர்வேயரு. நீங்களே சொல்லுங்க. மழையில மண்ணு எளகி, கல்லு தானா நகந்துடுச்சின்றான். நகருமா?"

"கல்லு தானா நகராது மச்சான். யாராவது நகர்த்தினாத்தான் நகரும்."

"அப்படிச் சொல்லுங்க!" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஆகவேதான் பக்கெட். ஆகவேதான் சபதம்.

வழி ஒன்று செல்போனில் கிடைத்தது. வீடியோவில் ஒருவன் அறைக்குள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். வியர்வை கொட்டியது. முகத்தில் பெரும் போராட்டம். சைக்கிள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அரசாங்க அலுவலகத்தில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு அதைப் பார்த்ததும் பழைய நண்பனைப் பார்த்தது போல இருந்தது.

அதற்குப் பெயர் ட்ரெய்னர். இரும்புத் தாங்கி ஒன்று. அதில் சைக்கிளின் பின்சக்கரத்தை ஏற்றிப் பூட்டிவிட வேண்டும். ஓர் உருளை சக்கரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மிதித்தால் சக்கரம் சுற்றும். நாம் எங்கும் போக மாட்டோம். எங்கும் போகாத இடத்துக்குச் சக்கரவர்த்தி எதற்குத் துணை வரப் போகிறார்?

பொன்னி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"பொன்னி, கடவுள் எங்கயும் இருக்காரு இல்ல?"

"என்னா வேணும்?"

"இல்லம்மா, தத்துவமாக் கேக்கறேன்."

"நீங்க தத்துவமாக் கேட்டாத்தான் செலவு ஜாஸ்தி. நேரா சொல்லுங்க."

நேராகச் சொன்னேன். மலை சுற்றுவது பதினாலு கிலோமீட்டர். அந்தப் பதினாலை வீட்டிலேயே மலையைப் பார்த்தபடி மிதித்துவிட்டால் வேண்டுதலும் ஆச்சு, உடம்புக்கும் ஆச்சு. கூட்டமில்லை, நெரிசலில்லை. மச்சானைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவள் சண்டைக்கு வந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். வரவில்லை. நார் உரிப்பதை நிறுத்தினாள்.

"முட்டிக்கு ஒண்ணும் ஆவாதா?"

"நடக்கறதவிட இதுதான் முட்டிக்கு நல்லதாம். டாக்டரே சொல்றாரு."

"எந்த டாக்டரு?"

"வீடியோல வர்ற டாக்டரு."

"ம்" என்றாள்.

அந்த 'ம்'மை நான் சம்மதம் என்று அளந்தேன். சர்வேயரின் முதல் அளவுப் பிழை.

"மிக்ஸி மாத்தறதுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். அதுக்குள்ள முடிக்கணும். மேல ஒரு பைசா கேக்கக் கூடாது" என்று எழுந்து போனாள்.

ஒரு மிக்ஸியின் விலைக்குள் ஒரு ட்ரெய்னர். ஆராய்ச்சியில் இறங்கினேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு விசாரித்ததில்லை. விசாரித்திருந்தால் உங்களுக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது.

முதல் ரகம் மகா புத்திசாலி. செல்போனோடு சேர்ந்துகொண்டு, திரையில் மேடு வந்தால் தானே இறுக்கும், பள்ளம் வந்தால் தானே தளர்த்தும். விலை, கன்றோடு ஒரு பசுமாடு.

"கரண்ட்டு போனா?" என்றாள் பொன்னி.

"வேலை செய்யாது."

"சைக்கிளு மிதிக்கக் கரண்ட்டு பில்லா? நல்லாருக்குது."

பசுமாடு போயிற்று.

இரண்டாவது ரகத்தில் உருளைக்குள் எண்ணெய் அடைத்திருக்கும். சத்தமே இருக்காது. விலை, ஒரு வாஷிங் மெஷின்.

"எண்ண ஒழுகினா யாரு தொடைக்கிறது?"

"ஒழுகாதும்மா."

"கல்யாணத்துல எங்க அப்பா வாங்கிக் குடுத்த ஸ்கூட்டரையும் இப்படித்தான் சொன்னீங்க."

வாஷிங் மெஷினும் போயிற்று.

மூன்றாவது, வெறும் மூன்று உருளைகள். சைக்கிளைப் பூட்டவே வேண்டாம். உருளைமேல் நிறுத்தி, விழாமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விலை நம் கைக்குள்.

"பிடிச்சிக்க ஒண்ணுமே கெடையாதா?"

"பேலன்ஸ்தான்."

பொன்னி என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தாள். "ஸ்டூல் மேல ஏறி நீங்க பல்பு மாத்தறதுக்கே நானும் வஜீதாவும் ரெண்டு பக்கம் பிடிக்கிறோம்."

மிஞ்சியது நான்காவது. உருளைக்குள் காந்தம் வைத்த சாதாரண ரகம். கரண்ட் இல்லை, எண்ணெய் இல்லை, விழ வழியில்லை. விலை, சரியாக ஒரு மிக்ஸி. ஆனந்தத்தில் என் ஆபீஸ் காலத்துச் சைக்கிளை அளந்து பார்த்தேன். பெரிய சக்கரம், தடித்த ஸ்டாண்டு, செயினை மூடிய தகரப் பெட்டி. தாங்கியில் பூட்ட இடமே இல்லை. புதுச் சைக்கிளும் வாங்கினால் இரண்டு மிக்ஸி ஆகிவிடும்.

"சைக்கிளோட சேத்து யாராச்சும் பழசாக் குடுத்தா வாங்குங்க" என்றாள் பொன்னி. குரலில் அவ்வளவு பொறுமை. "நடுவுல பார் இல்லாததாப் பாருங்க."

"அது லேடீஸ் சைக்கிளும்மா."

"வேட்டி கட்டறீங்க. காலத் தூக்கிப் போடறப்ப மாட்டிக்கிச்சின்னா? ஒரு ஆபரேஷன் பார்த்தது போதும்."

என்னதான் அதட்டினாலும், அக்கறை என்று வரும்போது மனைவி மனைவிதான்.

மறுநாள் காலை காம்பவுண்டு சுவருக்கு மேல் ஜியாவுல்லா பாயின் தலை எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர். தேரடி வீதியில் குடையும் பையும் விற்கும் பரம்பரைக் கடை. வஜீதா அவர் மனைவி. எங்கள் வீட்டுக் குழம்பும் அவர்கள் வீட்டுக் குழம்பும் தினமும் அந்தச் சுவரைத் தாண்டிப் போய்வரும்.

"சார், சைக்கிளு ஒண்ணு தேடறீங்களாமே? இருந்த எடத்துலயே ஓடற சைக்கிளு?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் பாய்?"

பாய் ஒரு விநாடி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். "ஊர்ல பேசிக்கிறாங்க சார். செங்கம் ரோட்டுல ஒரு வெள்ளைக்காரம்மா ஊருக்குப் போறாங்களாம். சைக்கிளு, தாங்கி, மீட்டரு எல்லாம் சேத்துக் குடுக்கறாங்களாம். விலை சரியா வரும் சார்."

"எதுக்குச் சரியா வரும்?"

"ஒரு மிக்ஸி..." என்று தொடங்கியவர் இருமினார். "மிக்க சரியா வரும்னேன்."

போனோம். வெள்ளைக்காரம்மா நல்ல உயரம், நரைத்த பின்னல், நெற்றியில் விபூதி. சும்மா இருக்கக் கற்றுக்கொள்ள இந்த ஊருக்கு வந்தவர். வந்த இடத்தில் சும்மா இருக்க முடியாமல் ட்ரெய்னர் வாங்கியிருக்கிறார். சைக்கிளில் நடுவே பார் இல்லை. அகலமான மெத்தென்ற சீட். கைப்பிடியில் ஓடிய தூரம் காட்டும் சின்ன மீட்டர். பொன்னி சொன்ன லட்சணமெல்லாம் அப்படியே பொருந்தியிருந்தது. தெய்வச் செயல் என்று நினைத்தேன்.

பணத்தை வாங்கிக்கொண்ட அம்மா சிரித்தபடி, "பொன்னி? குட்?" என்றார்.

அரிசியைத்தான் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. "குட். ஆனா பழைய அரிசியா இருந்தா சோறு உதிரியா வரும்" என்றேன். ஜியாவுல்லா பாய் என்னை அவசரமாக ஆட்டோவுக்குள் தள்ளினார்.

ஹாலில் இறக்கி வைத்ததும் பொன்னி சட்டதிட்டங்களைப் படித்தாள்.

"மலை எந்தப் பக்கம் இருக்கணும்?"

"வலப்பக்கம்."

"ஜன்னலு மேற்கால இருக்குது. அப்ப நீங்க எந்தப் பக்கம் பாத்து உக்காரணும்?"

"தெற்கு."

தெற்குச் சுவரில் என் மாமனார் அப்பாசாமி மாட்டியிருந்தார். போட்டோவாகத்தான். சந்தன மாலை, முறுக்கு மீசை, இந்த ஆளுக்கா பெண்ணைக் கொடுத்தேன் என்ற அதே பழைய பார்வை. மலை வலப்பக்கம் வர வேண்டுமென்றால் பதினாலு கிலோமீட்டரும் மாமனாரை நேருக்கு நேர் பார்த்துத்தான் மிதிக்க வேண்டும்.

"படத்தை மாத்தி மாட்டலாமே?"

"செத்தவங்க படம் தெக்கு செவுருலதான் இருக்கணும். செருப்பக் கழட்டுங்க."

"வீட்டுக்குள்ள ஓட்டற சைக்கிளுக்குமா?"

"செருப்பு போட்டுக்கினு மலை சுத்துவாங்களா?"

பெடலில் பல் பல்லாக இரும்பு. பேசாமல் கழற்றினேன்.

ஆனால் நானும் லேசுப்பட்டவன் இல்லை. தாங்கியின் கால்கள் நிற்கும் இடத்தைச் சாக்கட்டியால் தரையில் குறித்தேன். சீட்டை என் உயரத்துக்கு ஏற்றி, திருகை இறுக்கி, தண்டில் ஒரு கோடு போட்டேன். அளவு என்று வந்துவிட்டால் நான் நான்தான்.

பயிற்சி தொடங்கியது. மிதித்ததும் 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம் எழுந்து தெருவுக்குப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் பின்வீட்டு எல்லம்மாள், ஊறின அரிசிப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"கிரைண்டர் போட்டிருக்கீங்களா? எங்களுதையும் ஒரு சுத்து உட்டுருங்க."

"இது கிரைண்டர் இல்ல எல்லம்மா. சைக்கிளு."

அவள் என்னைப் பார்த்தாள். சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்தாள். நகராத சைக்கிளைப் பார்த்தாள். "ஆபரேஷன் பண்ணது வயித்துலன்னுதான சொன்னாங்க?" என்று பொன்னியிடம் மெல்லக் கேட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு விசித்திரம். காலையில் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் வயிற்றில் இடித்தது. சீட், நான் போட்ட கோட்டுக்குக் கீழே ஒரு சாண் இறங்கியிருந்தது. பழைய திருகு, நழுவுகிறது என்று ஏற்றி இறுக்கினேன். மறுநாளும் இறங்கியிருந்தது. எவ்வளவு இறுக்கினாலும் சரியாக அதே சாண்.

"பழசு வாங்கினா இப்படித்தான்" என்றாள் பொன்னி, அனுதாபத்தோடு.

அடுத்து, தாங்கி. சாக்கட்டிக் குறியை விட்டு விலகி, டிவி பக்கமாகத் திரும்பி நின்றது. நான் குனிந்து அளந்தேன். யோசித்தேன். கண்டுபிடித்துவிட்டேன்.

"அதிர்வு பொன்னி. சக்கரம் சுத்தற வேகத்துல தாங்கி கொஞ்சம் கொஞ்சமா நகருது. பூமி சுத்தறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குது."

"அப்படியா? டிவி பக்கமாவே நகருதே?"

"டிவிலயும் காந்தம் இருக்குது இல்ல?"

"படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றாள்.

மூன்றாவது விசித்திரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மீட்டர். நான் காலையில் மூச்சு வாங்க நாலு கிலோமீட்டர் மிதிப்பேன். மத்தியானம் டவுனில் பென்ஷனர் சங்கத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்து பார்த்தால், இருபதைத் தாண்டியிருக்கும். முதல் நாள் மீட்டரைச் சந்தேகப்பட்டேன். இரண்டாவது நாள் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். மூன்றாவது நாள் எனக்கு உண்மை புலப்பட்டது. என் உடம்பில் எனக்கே தெரியாத பலம் இருக்கிறது.

"இன்னிக்கு இருபத்தஞ்சு பாய்" என்று சுவர் ஓரம் தொடையைத் தட்டிக் காட்டினேன்.

ஜியாவுல்லா பாய்க்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. உள்ளே வஜீதா எதையோ கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். டிவியில் நகைச்சுவைக் காட்சி போலிருக்கிறது.

பௌர்ணமி வந்தது. கூட்டம் கூட்டமாகப் பஸ்கள் ஊருக்குள் இறங்கின. தெருவெல்லாம் வெறுங்கால். நான் குளித்து, விபூதி பூசி, வேட்டியை மடித்துக் கட்டி, சைக்கிளில் ஏறினேன். அன்றைக்குச் சீட்கூடச் சரியான உயரத்தில் இருந்தது. வலப்பக்கம் மலை. எதிரே மாமனார். மனதில் பாரமே இல்லை. வேண்டுதல் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக, வரப்பு வழக்கு இல்லாத ஒரு பௌர்ணமி.

இந்திரலிங்கத்தைத் தாண்டியிருப்பேன். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது.

"மாப்ள!"

கால் பெடலிலேயே உறைந்தது.

"என்னா மாப்ள, ரோட்டுல நடக்கறத உட்டுட்டீங்களாமே!"

"மச்சான்... நீங்க மலை சுத்தப் போவல?"

"நீங்க இல்லாம நான் யாரோட பேசிக்கினு போறது? மலையா பதில் சொல்லும்?" பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் இடது முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கக்கத்திலிருந்து ஒரு சுருளை எடுத்தார். "நடக்கறப்ப நில வரைபடத்தை விரிச்சிக் காட்ட முடியல. இங்க எவ்ளோ வசதி, பாருங்க." படத்தைக் கைப்பிடிமேல் விரித்தார். மீட்டர் மறைந்தது. "இதான் நம்ம கல்லு. இதான் அவன் நட்ட கல்லு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாலையில் அவரிடமிருந்து தப்பிக்க ஆயிரம் வழி உண்டு. விபூதி வாங்கும் நெரிசலில் கொஞ்ச நேரம் தொலைந்து போகலாம். சுண்டல் வாங்க ஒதுங்கலாம். 'அரோகரா' என்று ஒரு கூட்டம் கத்தும்போது காது கேட்காதது போல நடக்கலாம். அறைக்குள் பூட்டிய சைக்கிளிலிருந்து எங்கே போவது? வேகமாக மிதித்தேன். மச்சான் அதே இடத்தில் இருந்தார். இன்னும் வேகமாக மிதித்தேன். இன்னும் அதே இடம்.

"அண்ணா, தொண்டை காஞ்சி போவும். டீ குடிச்சிட்டுப் பேசுங்க" என்று பொன்னி தம்ளரை நீட்டினாள். "என்னாங்க, அக்னிலிங்கம் வந்துச்சா? எறங்கிக் கும்பிட்டுட்டு ஏறுங்க."

இறங்கினேன். கும்பிட்டேன். ஏறினேன். மச்சான் விட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை, முதலிலிருந்து தொடங்கினார். சுவரிலிருந்து அப்பாசாமி பார்த்துக்கொண்டிருந்தார். மகன் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், ஜன்னலில் மலை. மூன்று பேர் நடுவில் நான் மூச்சிரைக்கப் போய்க்கொண்டிருந்தேன், போகாமல்.

"வர்ற பௌர்ணமியில இருந்து மத்தியானமே வந்துர்றேன் மாப்ள" என்றார் மச்சான். "கீழ் கோர்ட்டு தீர்ப்பையும் எடுத்தாறேன். படிச்சிக் காட்டறேன்."

நான் இறங்கிவிட்டேன்.

"பொன்னி, நான் நடந்தே போறேன்."

"ஐயய்யோ, இவ்ளோ ஆசையா வாங்கினீங்களே!"

"மலைய நேர்ல போய்ச் சுத்தறது மாதிரி வராதும்மா."

"நான் கட்டாயப்படுத்தினேன்னு நாளைக்குச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"எல்லா பௌர்ணமியும் நடப்பீங்களா?"

"எல்லா பௌர்ணமியும்."

"அண்ணா, நீங்கதான் சாட்சி" என்றாள்.

சாட்சி, வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னோடு கிளம்பினார். பெரிய கோபுரத்து வாசலில் மறுபடியும் கற்பூரம் ஏற்றி, முதலிலிருந்து தொடங்கினோம். வழக்கும் தொடங்கிற்று. நிலா எழுந்து சாலையெல்லாம் பால் சிந்தியது போலக் கிடந்தது. ஆயிரமாயிரம் வெறுங்கால்கள் ஒரே ஓசையாக, மழை தூரத்தில் வருவது போல, முன்னால் போய்க்கொண்டிருந்தன. இந்த ஓசையைத்தான் பொன்னி ஜன்னலில் நின்று கேட்க முயல்வாளோ என்று ஏனோ தோன்றியது. வேங்கிக்காலுக்கு இது எட்டாது.

யமலிங்கம் பக்கத்தில் வந்துவிட்டோம்.

"எதிர்க்கட்சி வக்கீலு மறுபடியும் அதேதான் மாப்ள. இந்தத் தடவ அதிர்வுல கல்லு தானா நகந்துடுச்சாம். பக்கத்துல லாரி போவுதாம். நீங்க என்னா சொன்னீங்க? தானா நகராது. யாராவது நகர்த்தினாத்தான் நகரும்."

"ஆமா மச்சான். யாராவது நகர்த்தினாத்தான்..."

நடுச்சாலையில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என்மேல் மோதி, சிவ சிவா என்று விலகிப் போனார். சாக்கட்டிக் கோடு. டிவி பக்கம் திரும்பிய தாங்கி. ஒரே சாணில் தினமும் இறங்கிய சீட். நான் சங்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஓடிய கிலோமீட்டர்.

செல்போன் அடித்தது. பொன்னி.

"எங்க இருக்கீங்க?"

"யமலிங்கம். அங்க என்னா சத்தம்?" கேட்கத் தேவையில்லை. கொர்ர்ர்.

"சைக்கிளுதாங்க. நான் பதினாலும் முடிச்சிட்டேன். இப்ப வஜீதா ஏறியிருக்கா."

"பொன்னி... முட்டி?"

"இப்ப நல்லாப் பரவால்லங்க. டாக்டரு சொன்னது சரிதான்."

"எந்த டாக்டரு?"

"வீடியோல வர்ற டாக்டரு."

பக்கத்திலிருந்து மச்சான் தலையை நீட்டினார். "பொன்னியா மாப்ள? சைக்கிளு ஒத்துக்குதாமா? நீங்க வாங்கறதுக்கு முந்தியே நாந்தான் தங்கச்சியையும் பாயம்மாவையும் அந்த வெள்ளைக்காரம்மா வீட்டுக்குக் கூட்டிம்போய்க் காட்னேன். ஒக்காந்து கூடப் பாத்துச்சு."

பொன்னி, குட். அரிசி இல்லை.

"இன்னிக்கு ஜன்னலு பக்கமாத் திருப்பி வெச்சிக்கிட்டோம்" என்றாள் பொன்னி. "நிலா வெளிச்சம் மலை மேல விழுந்து, நேரா எதிர்லயே தெரியுதுங்க. பக்கத்துல போனாக்கூட இப்படித் தெரியாது."

"மலை வலப்பக்கம்தானே இருக்கணும்?" என்றேன். எனக்கிருந்த ஒரே ஆயுதம் அது.

"அது வேண்டிக்கிட்டவங்களுக்குங்க. எனக்கென்னா வேண்டுதலு? நான் சும்மா மிதிக்கிறேன்."

பேச்சுக்கு நடுவே அவளுக்கு மூச்சு வாங்கிற்று. அந்த மூச்சை எனக்குத் தெரியும். முன்பெல்லாம் மலை சுற்றிவிட்டு வந்து, வாசலில் நின்றபடி தண்ணீர் கேட்பாளே, அதே மூச்சு. அதைக் கேட்டு வருஷங்களாகிவிட்டன. அந்த மூச்சுக்காக இத்தனை நாடகத்தையும் மன்னித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எவ்வளவு பெருந்தன்மையான கணவன் நான் என்று எண்ணி எனக்கே கண் கலங்கிவிட்டது. அதை அவளிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அப்பறம் ஒரு விஷயம்" என்றாள் அவள். "வந்ததும் சீட்டை மறுபடியும் ஏத்தி வெச்சிராதீங்க. தினமும் எறக்கி எறக்கி எனக்குக் கை வலிக்குது."